ரூட் பாஸ்வேர்டு யாரிடம் இருக்க வேண்டும்?

யூனிக்ஸ், லினக்ஸ் என்றதும் "அது பெரிய கம்பெனி சமாச்சாரம்" என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். உங்கள் வீட்டு பிராட்பேண்ட் மோடத்துக்குள் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ்தான். கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமும் அதுவே. வங்கி, ரயில் டிக்கெட், கரண்ட் பில் என்று வீட்டிலிருந்தபடி நாம் முடிக்கும் வேலைகளில் பலவற்றின் மறுமுனையில் ஏதோ ஒரு யூனிக்ஸ் வகை சர்வர் உட்கார்ந்திருக்கிறது. அந்த சர்வரில் "ரூட்" என்று ஒரு யூசர் உண்டு. அவருக்குத் தடையே கிடையாது. எந்த ஃபைலையும் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். அழித்த தடயத்தையும் சேர்த்தே அழிக்கலாம்.

இந்த ரூட் அதிகாரத்தை யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரத்துக்குக் கொடுப்பது என்பதைக் கவனித்துக் கொள்ளும் சாஃப்ட்வேர்களுக்கு "பிரிவிலேஜ்டு ஆக்சஸ் மேனேஜ்மெண்ட்" என்று பெயர். சுருக்கமாக "பாம்". யூனிக்ஸ்காரர்களுக்கு இதில் ஒரு குழப்பம் உண்டு. லாகின் சரிபார்க்கும் வேறொரு பகுதிக்கும் அதே சுருக்கப் பெயர்தான். யார் வைத்தார்களோ!

கடந்த சில ஆண்டுகளில் இந்த சாஃப்ட்வேர்களில் நிறைய புதிய வசதிகள் வந்து விட்டன. அவற்றில் என்னைப் போன்ற என்ஜினியர்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத வசதி ஒன்று இருக்கிறது. நாம் சர்வரில் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும், திரையில் வரும் ஒவ்வொரு வரியையும் பதிவு செய்து வைப்பது. "நம்மை வேவு பார்க்கிறாங்க" என்று டீக்கடையில் திட்டாத சர்வர்காரர் கிடையாது. நானும் திட்டியவன்தான். இப்போது என் கருத்து வேறு. ஏன் மாறியது என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

2021-ல் நடந்தது

கொரோனா காலம். என் முதல் வேலை. கம்பெனி பெயர் வேண்டாம். எல்லோரும் வீட்டிலிருந்து வேலை. நான் ஆனைமலையில், மொட்டை மாடிக்குப் போகும் படியில் உட்கார்ந்து வேலை பார்ப்பேன். அங்கேதான் சிக்னல் நன்றாக இருக்கும். சர்வர்களைப் பார்த்துக் கொள்ள நாங்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் ஒரே ரூட் பாஸ்வேர்டு. அது ஒரு எக்செல் ஷீட்டில் இருந்தது. நான் சேர்வதற்கு முன்பே வேலையை விட்டுப் போனவர்களுக்கும் அது தெரியும் என்பது தனிக் கதை.

ஒரு திங்கட்கிழமை காலை பார்த்தால், வாடிக்கையாளர்களின் ரிப்போர்ட் ஃபைல்கள் இருந்த டைரக்டரி காலி. பேக்கப் இருந்தது, ஆனால் மூன்று நாள் பழையது. உடனே எல்லோரும் கேட்ட கேள்வி: "யார் அழித்தது?" லாகின் விவரத்தை எடுத்துப் பார்த்தோம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பலமுறை "ரூட்" உள்ளே வந்திருக்கிறார். எல்லோரும் கம்பெனியின் ஒரே விபிஎன் வாசல் வழியாக வருவதால் ஐபி முகவரியும் ஒன்றே. ரூட் என்றால் ஆறு பேரில் யாராகவும் இருக்கலாம்.

இப்படிப்பட்ட நேரத்தில் சந்தேகம் யார் மேல் விழும்? சேர்ந்து மூன்று மாதமே ஆன பையன் மேல்தான். "நான் அந்தப் பக்கமே போகலீங்கண்ணா" என்று என்னிடம் போனில் சொன்னான். நான் "சரிப்பா" என்றேன். நம்பினேனா என்றால், இல்லை. மீட்டிங்கில் அவனைக் கேள்வி கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. அடுத்த மாதம் அவனுடைய கான்ட்ராக்ட் முடிந்தது. புதுப்பிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து டெஸ்ட் சர்வரில் அதே போல ஒரு டைரக்டரி காலியானது. இந்த முறை பொறுமையாக உட்கார்ந்து தேடினேன். பழைய ரிப்போர்ட்களை வாரம் ஒரு முறை தானாக அழிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது. எந்த வாடிக்கையாளரின் ஃபைல்கள் என்ற பெயரை ஒரு கான்ஃபிக் ஃபைலிலிருந்து படித்து, மொத்த டைரக்டரியின் பெயரோடு சேர்த்து, அழிக்கும் கட்டளைக்குக் கொடுக்கும். கான்ஃபிக் ஃபைல் அந்த இடத்தில் இல்லாவிட்டால் பெயர் வெற்றிடமாகி விடும். அப்புறம் மிச்சம் இருப்பது மொத்த டைரக்டரி மட்டும்தான். அதை அப்படியே அழித்து விடும். ரூட் அதிகாரத்தில் ஓடுவதால் யாரும் தடுக்கவும் மாட்டார்கள். அதை எழுதியவன் நான்.

மேனேஜரிடம் சொன்னேன். அந்தப் பையனுக்கும் போன் செய்தேன். அதற்குள் அவன் வேறு வேலையில் சேர்ந்திருந்தான். "பரவாயில்லீங்கண்ணா, விடுங்க" என்றான். அந்தப் "பரவாயில்லை" இன்னும் காதில் இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு ஆறு பேரும் அவரவர் பெயரில் உள்ளே போய், வேண்டியபோது மட்டும் ரூட் அதிகாரம் வாங்கியிருந்தால், மனிதர்கள் செய்த ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஒரு பெயர் இருந்திருக்கும். பெயர் இல்லாத வேலை எது என்று பார்த்தால் அரை மணி நேரத்தில் என் ஸ்கிரிப்ட் மாட்டியிருக்கும். பெயர் இல்லாததால்தான் ஒரு பெயரை நாங்களே எழுதிக் கொண்டோம்.

சூடூவில் வந்தவை

அவரவர் பெயரில் உள்ளே போய் ரூட் வேலை செய்வது புதிய யோசனை அல்ல. "சூடூ" என்ற புரோகிராம் 1980-லேயே அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பிறந்து விட்டது. பாப் காக்ஷால், கிளிஃப் ஸ்பென்சர் என்ற இருவர் எழுதினார்கள். டாட் மில்லர் என்பவர் அதை 30 ஆண்டுகளுக்கும் மேலாகப் பராமரித்து வருகிறார். உலகத்தில் உள்ள லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலானவை நம்பியிருக்கும் புரோகிராம் பெரும்பகுதி ஒரே மனிதரின் உழைப்பில் நிற்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கும் பாம் சாஃப்ட்வேர்களின் விளம்பரத்தில் இந்தப் பெயர் வராது.

எனக்கு சூடூ அறிமுகமானது ப்ளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப்பில். அதில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. "இதைச் செய்ய உனக்கு அதிகாரம் இல்லை" என்று கம்ப்யூட்டர் முதன்முதலில் என்னிடம் சொன்னது அங்கேதான். கோபம் வந்து விண்டோஸுக்கே திரும்பிப் போய் விட்டேன்.

சரி, புதிய வசதிகளுக்கு வருவோம். சூடூ வழியாக நடக்கும் வேலையைத் திரையோடு பதிவு செய்து, பிறகு சினிமா போல ஓட்டிப் பார்க்கும் வசதி 2010-லேயே வந்து விட்டது. ஆனால் பதிவு அதே சர்வரில்தான் இருக்கும். ரூட் ஆனவர் அதையும் அழித்து விடலாமே! திருடன் கையிலேயே கேமரா டேப்பைக் கொடுத்த மாதிரி. 2020 மே மாதம் வந்த 1.9.0 பதிப்பில்தான் பதிவுகளை நடக்க நடக்க வேறொரு சர்வருக்கு அனுப்பும் வசதி சேர்ந்தது. என்னைக் கேட்டால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சூடூவில் வந்த உருப்படியான மாற்றம் இதுதான்.

அடுத்தது 2021 செப்டம்பரில் வந்த 1.9.8. இதைப் புரிந்து கொள்ள ஒரு பழைய தந்திரத்தைச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு "விஐ எடிட்டரில் இந்த ஒரு ஃபைலை மட்டும் திருத்தலாம்" என்று அனுமதி கொடுக்கிறீர்கள். அவர் எடிட்டரைத் திறந்து, உள்ளேயிருந்தே ஒரு ஷெல்லை வரவழைப்பார். எடிட்டர் ரூட்டாக ஓடுவதால் ஷெல்லும் ரூட். அதற்கு மேல் அவர் என்ன செய்தாலும் சூடூவின் லாகில் "விஐ திறந்தார்" என்ற ஒரு வரிதான் இருக்கும். புதிய பதிப்பில், அனுமதித்த புரோகிராமுக்குள்ளிருந்து கிளம்பும் மற்ற புரோகிராம்களையும் பிடித்து, அனுமதி உண்டா என்று பார்க்கவோ, குறைந்தபட்சம் லாகில் எழுதவோ முடியும்.

எல்லாவற்றையும் பதிவு செய்கிறார்களே, நான் அடிக்கும் பாஸ்வேர்டும் அதில் விழுமே என்ற கேள்வி நியாயமானது. விழத்தான் செய்தது. 2022 மார்ச்சில் வந்த 1.9.10 பதிப்பில் பாஸ்வேர்டு கேட்கும் இடங்களைக் கண்டுபிடித்து அவற்றைப் பதிவில் மறைக்கும் வசதி கொடுத்தார்கள். ஆனால் அதை நாம்தான் போட்டுக் கொள்ள வேண்டும். பதிவு வைத்திருக்கும் உங்கள் அட்மின் இதைப் போட்டிருக்கிறாரா என்று நாளைக்கே கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

காசு கொடுத்து வாங்கும் பாம்

சென்னையின் ஜோஹோ நிறுவனத்தின் மேனேஜ்எஞ்ஜின் பிரிவு பாம்360, பாஸ்வேர்டு மேனேஜர் ப்ரோ என்று இரண்டு சாஃப்ட்வேர்களை விற்கிறது. உலக அளவில் சைபர்ஆர்க், பியாண்ட்ட்ரஸ்ட் பெயர்கள் அடிபடும். இவை எல்லாவற்றிலும் பொதுவாக உள்ள விஷயம், பாஸ்வேர்டுகளை ஒரு பெட்டகத்தில் பூட்டி வைப்பது. சர்வருக்குள் போக வேண்டியவர் பெட்டகத்திடம் கேட்பார். பெட்டகமே சர்வரைத் திறந்து விடும். பாஸ்வேர்டு என்ன என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. வேலை முடிந்ததும் பாஸ்வேர்டைத் தானாக மாற்றி விடவும் முடியும்.

இன்னொன்று, தேவைப்படும்போது மட்டும் கொடுத்து நேரம் முடிந்ததும் பறித்துக் கொள்ளும் அதிகாரம். எங்கள் பக்கத்துத் தோப்புகளில் மாதம் ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை தேங்காய் போட ஆள் வருவார்கள். அன்றைக்கு கேட் சாவியைக் கொடுப்போம், சாயங்காலம் வாங்கிக் கொள்வோம். வருஷம் முழுக்க வைத்திருக்கச் சொல்லி யாரும் கொடுப்பதில்லை. சர்வர் விஷயத்தில் மட்டும் சாவியைக் கொடுத்து விட்டு ஆளையே மறந்து விடுகிறோம்.

இரண்டு பேர் சேர்ந்தால்தான் திறக்கும் முறையும் உண்டு. வங்கிப் பெட்டக அறையை ஒரே அதிகாரி தனியாகத் திறக்க முடியாது. ஆனைமலை மாசாணியம்மன் கோயில் உண்டியலையும் அறநிலையத்துறை அதிகாரிகள் முன்னிலையில்தான் திறந்து எண்ணுகிறார்கள். பூசாரி மேல் சந்தேகம் என்று அதற்கு அர்த்தமில்லை. நாளைக்கு யாரும் பூசாரியைச் சந்தேகப்படக் கூடாது என்றுதான். திரையைப் பதிவு செய்வதையும் நான் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன்.

ஆனால்...

இங்கேதான் விற்பனைப் பிரதிநிதிகளோடு எனக்குச் சண்டை. எல்லாச் சாவியையும் ஒரே பெட்டகத்தில் வைத்தால், திருடனுக்கும் ஒரே இடத்தில் வேலை முடிந்து விடும். 2022-ல் மேலே சொன்ன மேனேஜ்எஞ்ஜின் சாஃப்ட்வேர்கள் இரண்டிலுமே, வெளியிலிருந்து பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே புகக்கூடிய பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. நிறுவனம் திருத்தம் வெளியிட்டு விட்டது. ஆனாலும் அதை இன்ஸ்டால் செய்யாதவர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, "தாக்குதலில் பயன்படுத்தப்படும் ஓட்டைகள்" பட்டியலில் அதைச் சேர்த்தது. 2024 டிசம்பரில் அமெரிக்க நிதித்துறையின் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்தவர்கள், பியாண்ட்ட்ரஸ்ட்டின் ரிமோட் சப்போர்ட் சேவைக்கான சாவி ஒன்றைத் திருடித்தான் புகுந்தார்கள். பூட்டு விற்ற கடையிலேயே சாவி போனது.

சூடூ மட்டும் என்ன யோக்கியமா? 2021 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனத்தார் அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். சாதாரண யூசர் எவரும் ரூட் ஆகி விடலாம். அது 2011-லிருந்தே உள்ளே இருந்திருக்கிறது! பத்து ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. 2025 ஜூனில் இன்னும் இரண்டு. அவற்றில் ஒன்று, அநேகம் பேர் பயன்படுத்தவே பயன்படுத்தாத ஒரு வசதியில் இருந்தது. நீங்கள் பயன்படுத்தா விட்டாலும் ஓட்டை உங்கள் சர்வரில் உண்டு.

இதனால்தான் "சூடூ பெரிதாகி விட்டது, சின்னதாகத் திரும்ப எழுதுவோம்" என்று ஒரு கூட்டம் கிளம்பியது. ரஸ்ட் மொழியில் எழுதிய சூடூ-ஆர்எஸ் 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-ல் பழைய சூடூவின் இடத்தைப் பிடித்தது. ஞாபகத்தில் வையுங்கள், வந்த அடுத்த மாதமே அதிலும் இரண்டு குறைகள் வெளியாயின. ஓப்பன்பிஎஸ்டி-காரர்கள் 2015-லேயே "டூஆஸ்" என்று மிகச் சின்னதாக ஒன்றை எழுதிக் கொண்டு ஒதுங்கி விட்டார்கள்.

சின்னதாக எழுதுவது நல்லதுதான். ஆனால் எதை விடுகிறார்கள் என்று பாருங்கள். திரையைப் பதிவு செய்யும் வசதி சூடூ-ஆர்எஸ்ஸோடு வரவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது தேவையில்லை, ஒத்துக் கொள்கிறேன். ஆறு பேர் சேர்ந்து பார்க்கும் சர்வருக்கு? பாதுகாப்பு என்றால் வெளியாளைத் தடுப்பது மட்டும்தான் என்ற நினைப்பு இதில் தெரிகிறது. உள்ளே இருப்பவன் மேல் வீண் பழி விழாமல் காப்பதும் பாதுகாப்புதான் என்பது என் வாதம். நல்லவேளை, பழைய சூடூவையும் கூடவே வைத்திருக்கிறார்கள். கூட்டாக வேலை செய்யும் இடங்களில் அதற்கே மாறிக் கொள்வது நல்லது.

கோயம்புத்தூரில் பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்யும் சாஃப்ட்வேர் கம்பெனிகள் எத்தனையோ இருக்கின்றன. "எங்களுக்கு எதுக்குங்க பாம் எல்லாம்" என்பார்கள் முதலாளிகள். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கச் சொல்லவில்லை. ஆனால் 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஒரு உத்தரவு போட்டது. கம்பெனிகள் தங்கள் கம்ப்யூட்டர்களின் லாக் விவரங்களை 180 நாட்களுக்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தாக்குதல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சிறு நிறுவனங்களுக்கும் அந்த ஆண்டு செப்டம்பர் 25 முதல் இது பொருந்தும். எல்லா வரியிலும் "ரூட்" என்று மட்டும் இருக்கும் லாகை 180 நாள் வைத்திருந்து என்ன பிரயோசனம்? ஆளுக்கொரு அக்கவுண்ட், சூடூ, லாக் வாங்கி வைக்க ஒரு பழைய கம்ப்யூட்டர். இது மூன்றும் இருந்தால் போதும், ஆரம்பிக்கலாம். சாஃப்ட்வேருக்குச் செலவு ஒரு ரூபாய் கூட இல்லை. பதிவுகளை யார் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம் என்று எழுதி வைத்து, வேலை செய்பவர்களிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன் படிக்கவும் கொடுங்கள். இது இல்லாமல் பதிவு செய்தால் அது வேவு பார்ப்பதேதான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

உபுண்டு வைத்திருப்பவர்கள், ரூட் அக்கவுண்ட் பூட்டியே வருகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். 2004-ல் வந்த முதல் பதிப்பிலிருந்தே அப்படித்தான். அதைத் திறந்து வைக்கும் வழியை யாராவது சொல்லிக் கொடுத்தால் கேட்காதீர்கள். சூடூவில் ஒரு முறை பாஸ்வேர்டு கொடுத்தால் உபுண்டுவில் வழக்கமாக 15 நிமிடம் மறுபடி கேட்காது. அந்த நேரத்தில் எழுந்து டீ குடிக்கப் போனால் குழந்தை வந்து உட்காரும். சூடூவுக்குப் பக்கத்தில் ஒரு கோடும் "கே" என்ற சின்ன எழுத்தும் அடித்தால் உடனே மறந்து விடும். குழந்தைகளுக்குத் தனி அக்கவுண்ட் கொடுங்கள், அதற்கு சூடூ வேண்டாம். விண்டோஸ் என்றாலும் இதே கதைதான். தினசரி வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட் எதற்கு?

மோடத்தை மறந்து விடாதீர்கள். யூசர் பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின் என்று இருக்கும் மோடங்கள் எங்கள் தெருவிலேயே எத்தனையோ. வைஃபை பாஸ்வேர்டை மாற்றினேனே என்பார்கள். அது வேறு, இது வேறு. மோடத்தின் செட்டிங் பக்கத்துக்குள் போகும் பாஸ்வேர்டுதான் உங்கள் வீட்டின் ரூட்.

நான் இப்போது வேலை செய்யும் இடத்தில் ரூட் பாஸ்வேர்டு என் உட்பட யாருக்கும் தெரியாது. எல்லாம் சூடூ வழிதான். அவசரத்துக்கு மட்டும் ஒரு கவரில் எழுதி, அரக்கு வைத்து, பீரோவில் வைத்திருக்கிறோம். கவரைப் பிரித்தால் தேதி, பெயர், காரணம் மூன்றையும் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். பிறகு பாஸ்வேர்டை மாற்றி, புதிய கவர் வைக்க வேண்டும். இதுவரை இரண்டு முறை பிரித்திருக்கிறோம். தானாக ஓடும் ஸ்கிரிப்ட்களுக்கு அதனதன் பெயரில் தனி அக்கவுண்ட். என் பழைய ஸ்கிரிப்ட்டின் தம்பி ஒன்று இங்கேயும் ஓடுகிறது. பெயர் வெற்றிடமாக வந்தால் எதையும் தொடாமல் நின்று விட்டு எனக்கு மெயில் அனுப்பும்.

ஆனைமலை வீட்டு மோடத்தின் பாஸ்வேர்டும் ஒரு கவரில்தான் இருக்கிறது. அம்மா அதை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறார். போன மாதம் நெட் கட்டானபோது கவரைப் பிரித்தார்களா என்று கேட்டேன். "அதெதுக்கு கண்ணு, ஒயரைப் புடுங்கி மாட்டுனோம், வந்துருச்சு" என்றார்.